கரகரக் குரல்

"இங்க எதுக்கும்மா வந்த?"

உதடு அசையாம, பல்லைக் கடிச்சுக்கிட்டு கேட்டா அவ. கேம் செய்யக் கத்துக்குடுக்கிற கிளாஸுக்கு அவதான் மிஸ். முதல் நாள். கடைசி கம்ப்யூட்டர் முன்னாடி பார்த்தா, அவளைப் பெத்த அம்மா!

"கம்ப்யூட்டர் தெரியாதவங்களும் வரலாம்னு வாசல்ல போட்டிருந்துச்சு. பேரைக் குடுத்துட்டேன்."

"என் மானத்தை வாங்காத. நீ யாருன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. புரியுதா?"

"சரிங்க மிஸ்"ன்னாங்க அம்மா. சிரிக்கக்கூட இல்லை.

கிளாஸ் என்னவோ சுலபம்தான். கோடிங்னு ஒரு வரி எழுத வேண்டாம். ரெடியா இருக்கிற பிளாக்கை மவுஸால இழுத்து ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கினா பொம்மை நடக்கும், குதிக்கும். போன்ல பதிஞ்ச குரலைப் போட்டா பேசவும் செய்யும். ஆனா அம்மாவுக்குக் குதிக்க வேண்டியது பறக்கும், பறக்க வேண்டியது காணாமப் போயிடும்.

"மிஸ்! என் ஆளு சுவத்துக்குள்ள போயிட்டான் மிஸ்!"

கிளாஸே கொல்லுனு சிரிக்கும். இவளுக்குக் காது ரெண்டும் சூடாகும். வீடா இருந்தா ஒரு கத்து கத்தியிருப்பா. இங்க முடியுமா?

"பரவாயில்லைங்க, இன்னொரு தடவை பார்க்கலாம்"னு தேன் ஒழுகப் பேசணும். ஏன்னா இவ இன்னும் தற்காலிகம்தான். கடைசி நாள் எல்லாரும் அவங்கவங்க கேமை மேனேஜர் முன்னாடி போட்டுக் காட்டணும். அது நல்லா போனாத்தான் வேலை நிரந்தரம்.

அந்த நாளும் வந்துச்சு. முதல்ல, கிளாஸுக்கு வந்த ஒரு பஸ் டிரைவர். பெரிய திரையில அவர் பஸ், ஸ்டாப்பிங்ல நிக்காமப் பறந்துச்சு.

"இது என்னங்க, புரோகிராம்ல தப்பா?"ன்னார் மேனேஜர்.

"இல்ல சார், பழக்கம்."

ஹாலே குலுங்குச்சு. டிரைவர் விடலை. "நம்ம மிஸ் தங்கம் சார். கேட்டதையே பத்து வாட்டி கேட்டாலும் மூஞ்சி சுளிக்காது!"

மேனேஜர் தலையாட்டினார். இவளுக்கு ஜிவ்வுனு இருந்துச்சு. இதோட முடிஞ்சா போதும் சாமி!

"அந்தக் கடைசி அம்மா இன்னும் காட்டலையே?"ன்னார் மேனேஜர்.

போச்சு.

அம்மா மெதுவா வந்து கேமைப் போட்டாங்க. ஒரு வீடு. ஒரு கதவு. கதவு முன்னாடி ஒரு பொம்பளை பொம்மை. பட்டனைத் தட்டினா பொம்மை கதவைத் தட்டுது. உள்ளேர்ந்து ஒரு ஆம்பளைக் குரல், தொண்டையில கல்லு மாட்டின மாதிரி என்னவோ உறுமுது. ஒரு வார்த்தை புரியலை. மறுபடி தட்டினா மறுபடி உறுமல்.

டிரைவருக்குச் சிரிப்பு தாங்கலை. "யாருக்கா அது உள்ள? மாமாவா?"

"எங்க வீட்டு ஆளுதான் தம்பி."

"கதவு எப்பத் திறக்கும்?"ன்னார் மேனேஜர்.

"திறக்கறதுக்கு எந்த பிளாக்குன்னு தெரியல சார்."

மறுபடியும் சிரிப்பு. இவளுக்குப் பூமி பிளந்தா உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

"கேம் கிடக்கட்டும், உள்ள இருக்கிறவர் என்ன சொல்றார்னே புரியலையே"ன்னார் மேனேஜர்.

இதுதான் சான்ஸ்னு தோணுச்சு அவளுக்கு. மவுஸை வாங்கி, அம்மா அடுக்கின பிளாக்கை எல்லாம் திரையில திறந்தா.

"பாருங்க சார், குரலைத் தடிமனாக்குற பிளாக்கைத் தெரியாம கோத்துட்டாங்க. புதுசாக் கத்துக்கிறவங்க எல்லாரும் பண்ற தப்புதான். இதை மட்டும் கழட்டிட்டா..."

"மிஸ், அது இருக்கட்டும் மிஸ்." அம்மா அவ கையைப் பிடிச்சாங்க.

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு எல்லாரையும் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே, பிளாக்கை உருவித் தூரப் போட்டுட்டு பட்டனைத் தட்டினா.

டொக் டொக்.

"சும்மா கதவைத் தட்டாதம்மா! கேம் செய்யக் கத்துக்குடு, கத்துக்குடுன்னு உயிரை வாங்கற. உனக்கெல்லாம் இது மண்டையில ஏறாது. போ, அடுப்பைப் பாரு போ!"

ஸ்பீக்கர்ல, கண்ணாடி மாதிரி, சுத்தமா அவளோட குரல்.

டிரைவர் ஸ்பீக்கரைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார். மேனேஜர் நெத்தி சுருங்குச்சு.

அவளுக்கு மவுஸ்ல இருந்து கையை எடுக்கக்கூடத் தெரியலை.

அம்மாதான் சட்டுனு முன்னாடி வந்தாங்க.

"மாட்டிக்கிட்டேனே! நான்தான் சார், ஒரு கோவக்காரப் பொண்ணு மாதிரி பேசிக் குடுங்கன்னு மிஸ்ஸைக் கேட்டேன். அவங்களுக்குக் கோவமே வராது, பாவம். எனக்காக எவ்வளவு நல்லா நடிச்சிருக்காங்க பாருங்க!"

"அட, அப்படியே நிஜம் மாதிரியே இருக்கே!"ன்னார் மேனேஜர்.

மொத்த ஹாலும் எழுந்து நின்னு மிஸ்ஸுக்குக் கை தட்டுச்சு. எல்லாரையும்விடப் பலமாத் தட்டினது அம்மாதான்.