மஞ்சள் கால்கள்

“கொஞ்சம் மனசு வையேன், லோர்னா! நம்ம மாநிலத்துல இந்தக் கடற்காகத்தைப் பார்த்ததா இருக்கிற ஒரே பதிவு இதுதான். முப்பது வருஷமா பட்டியல்ல இருக்கு” என்றார் பறவைக் குழுத் தலைவர் டுவைட்.

பழைய பதிவுகளை மறுபடி சரிபார்க்கும் நாள் அது. பார்த்தவர் பெயரை மறைத்துவிட்டுத்தான் ஓட்டெடுப்பு.

“தூக்கிக் குப்பையில போடுங்க” என்றாள் லோர்னா.

“பாவம், எவ்வளவு விவரமா எழுதியிருக்காரு! கால் மஞ்சள்னுகூட...”

“அங்கதான் ஆள் மாட்டிக்கிட்டாரு. பறவை கடைசி வரைக்கும் ஏரியில மிதந்துக்கிட்டே இருந்துச்சாம். தண்ணிக்குள்ள இருந்த காலை எப்படிப் பார்த்தாராம்? வீட்டுக்குப் போய் புத்தகத்தைப் பார்த்து எழுதின புளுகு!”

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. ஏழு பேரும் கை தூக்க, பதிவு நீக்கப்பட்டது.

“எந்தப் புண்ணியவான்னு பார்ப்போம்” என்று பெயரை மறைத்து ஒட்டியிருந்த தாளை டுவைட் கிழித்தார். அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

‘லோர்னா பெட்ராசெக், வயது பத்தொன்பது.’

“அடிப்பாவி! நீயா?”

“நானேதான்” என்று லோர்னா, தான் கொண்டுவந்திருந்த கேக்கை வெட்ட ஆரம்பித்தாள். “முப்பது வருஷமா நெஞ்சுமேல உட்கார்ந்திருந்துச்சு. இன்னிக்குத்தான் பறந்து போச்சு!”