திருப்பிப் போட்ட E

ஆம்புலன்ஸ் அழைக்கும் இணையச் சேவையைக் கணினிக்குப் புரியும் தர்க்க மொழியில் எழுதி வரச் சொல்லியிருந்தார் மாலை வகுப்பு ஜெபசிங் சார். நன்றாக வந்ததை அவருடைய நிறுவனம் நிஜச் சேவைக்கே எடுத்துக்கொள்ளும். வண்டி புறப்படுவதற்கான நிபந்தனையாக எல்லாரும் 'அழைப்பவருக்குக் கதவு எண் உண்டு' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் கால்வாய்க்கரையில் எந்த வீட்டுக்கும் கதவு எண் கிடையாது. போன மழையில் வண்டி வராததால் அப்பாவைப் பாயோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினோம். நான் கதவு எண்ணை விட்டுவிட்டு, திருப்பிப் போட்ட E ஒன்றை மட்டும் இட்டேன். அந்த மொழியில் அதற்கு 'ஒருவர் இருக்கிறார்' என்று பொருள். தப்பாக இருக்குமோ என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். கணினி குறை சொல்லவில்லை.

"என்னம்மா பூமயில், நிபந்தனையைக் காணோம்?" என்றார் சார்.

"இருக்கு சார். கூப்பிட ஆள் இருக்கணும்."

"அட்ரஸ்?"

"முனையில நின்னு கை காட்டுவோம் சார்."

பின்வரிசையில் மொய்தீன் சிரித்தான். "அப்ப வண்டி ஊரெல்லாம் சுத்தும்!"

"சுத்தட்டும்" என்றேன்.

"மத்தவங்க மாதிரி மாத்திடும்மா. இல்லேன்னா இதை அனுப்ப முடியாது." சார் விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினார்.

அழிக்கும் விசையைத் தொடாமல், அந்த எழுத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். சாலை முனையில் வண்டியை மறிக்கும் ஆளைப்போல, திரை கொள்ளாமல் அது கைகளை நீட்டி நின்றது.