தங்கப்பிள்ளையின் ஆறாத புண்

“கட்ட அவிழ்க்காத, புள்ள! அதுக்கு மேலாலயே கட்டு!”

“அவிழ்க்காம எப்பிடியம்மா கழுவுற? உள்ளுக்கு அழுகினா—”

“அழுகினா என்ட கால்தானே!”

“டொக்டர் காலை எடுக்கச் சொல்லுவார். நாற்றத்தைப் பாருங்க!”

புண் கிளினிக்கில் தாதி றஸீனாவுக்கு அன்றுதான் முதல் நாள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து, ஆமிச் சென்றிக் காவலரணையும் தாண்டி வந்திருந்த தங்கப்பிள்ளைக்கோ சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் வந்த பழைய புண். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் றஸீனா காலை இழுத்துப் பிடித்து, சுற்றியிருந்த பழஞ்சீலையை அவிழ்த்தேவிட்டாள்.

உள்ளே புண்ணே இல்லை. புதுத் தோல் மூடியிருந்தது.

“ஆறிட்டு, அம்மா! பிறகு இந்த நாற்றம்?”

“கருவாடு கழுவின தண்ணி. இல்லாட்டிச் சென்றியில அவிழ்த்துப் பார்ப்பானுகள்.”

“சுகமான காலுக்கு ஏனம்மா கட்டு?”

தங்கப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆமி அடிச்ச செல் வெடிச்சுக் காயம்பட்ட என்ட மகள் அக்கரையில கிடக்காள். இஞ்ச கொண்டுவந்தா, புலியெண்டு பிடிச்சிருவானுகள். மருந்துத் துணி ஒரு முழமும் அங்கால கொண்டுபோக விடுறானுகள் இல்ல. என்ட காலில சுத்தியிருந்தா மட்டும் தொடமாட்டானுகள். அவள்ட புண் இப்பத்தான் சாடையா ஆறுது. உனக்கு முன்னம் இருந்த மிஸ் ஒண்டும் கேளாம முழங்கால் வரைக்கும் சுத்திவிடுவா.”

அவள் காலைத் தூக்கி றஸீனாவின் மேசைமேல் வைத்தாள்.

“டொக்டரக் கூப்பிடப் போறியா, கட்டப் போறியா?”