தலைமாட்டுக் கல்

"சூரியன் வராத நாள்ல கிப்லா எங்கே போயிரும், லாத்தா?"

ஆறு வயதில் தங்கை கேட்டது. அன்று அக்கா சிரித்துக்கொண்டே தொழுகைப் பாயைக் கிப்லா பக்கம், மேற்கே பார்த்து விரித்தாள்.

இப்போது தேரிக்காட்டின் நடுவில் நின்று நான்கு பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தாள்.

எல்லாப் பக்கமும் செம்மணல். எல்லாப் பக்கமும் பனை. மேலே ஒரே மேகம்.

தங்கை ஜெய்னம்பு விடியற்காலையில் இறந்துவிட்டாள். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் குளிப்பாட்டு. மாலை அஸருக்கு அடக்கம்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

"என்னைய நீங்கதான் குளிப்பாட்டணும். வேற யாரு தொட்டாலும் எனக்குக் கூசும்."

"போடி கோட்டிக்காரி," என்று அவள் திட்டினாள்.

மழையில் சாலை அரித்துப்போய், பேருந்து பாதியிலேயே நின்றுவிட்டது. "தேரிக்குள்ள இறங்கிருங்கம்மா," என்றார் நடத்துநர். "கிழக்கே பாத்து மூக்குக்கு நேரா நடந்தா ஒரு மணி நேரத்துல கடக்கரை. உங்க தங்கச்சி ஊரு அங்கதான்."

கிழக்கு.

முகத்தில் காற்று அடித்தது. கடல்காற்று என்று நம்பி, அதை எதிர்த்தே நடந்தாள்.

வெகுநேரம் நடந்தாள்.

மணலில் ஒரு செருப்புத்தடம் குறுக்கே வந்தது. யாரோ முன்னால் போகிறார்கள் என்று மனம் குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள்.

அவளுடைய செருப்பு.

அது கடல்காற்று இல்லை. மழைக்காற்று. சுற்றிச் சுற்றி அடித்து, அவளையும் சுற்ற வைத்திருக்கிறது.

காலையிலிருந்து அழுதழுது பேசியதில் போன் அணைந்திருந்தது. நிழல் இல்லாததால் நேரமும் தெரியவில்லை. அங்கே தண்ணீர் காய்ந்திருக்கும். கற்பூரம் கரைத்திருப்பார்கள். யாராவது ஒருத்தி, "இன்னும் எவ்வளவு நேரம் பாக்கிறது?" என்று எழுந்திருப்பாள்.

ஓடினாள். நின்றாள். வேறு பக்கம் ஓடினாள்.

"யா அல்லாஹ், ஒரு பக்கத்தைக் காட்டு."

ஓடிய கால் எதிலோ இடறியது.

கல். மணலுக்கு மேல் நான்கு விரல் உயரம். ஆறடி தள்ளி இன்னொன்று. நடுவில் சிறியதாக மூன்றாவது. அவர்கள் பக்கத்தில் பெண்ணை அடக்கிய கபுருக்குத்தான் மூன்று கல் நடுவார்கள்.

எந்தக் காலத்துப் பெண்ணோ. மணல் ஏறி மூடியிருந்தது.

அவள் மூச்சு நின்று வந்தது.

முகம் மேற்கே கிப்லாவைப் பார்க்க, தலையை வடக்கே வைத்துத்தானே அடக்குவார்கள்?

தலை எந்தப் பக்கம்?

இரண்டு கல்லும் ஒன்றுபோலத் தெரிந்தன. மண்டியிட்டு, பிஸ்மி சொல்லி, கையால் தோண்டினாள். முதல் கல் மொட்டையாக இருந்தது. அவசரத்தில் பிடித்து இழுத்ததில் ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்ததற்குப் போனாள். தோண்டத் தோண்ட எழுத்து தெரிந்தது. பெயரைப் படிக்க முடியாதபடி தேய்ந்த எழுத்து.

பெயர் வெட்டுவது தலைமாட்டில்தான்.

அதை இடக்கைப் பக்கம் வைத்து நிமிர்ந்து நின்றாள்.

எதிரே கிழக்கு.

அந்தத் திசையில் கோணலான ஒரு பனையைக் கண்ணால் பிடித்தாள். அதை அடைந்ததும் அதற்கு நேராக இன்னொன்று. பனை பனையாக ஓடினாள்.

வீட்டு வாசலில் ஒருத்தி உள்ளே பார்த்துக் கத்தினாள். "ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க! அவ லாத்தா வந்துட்டாவ!"

சின்ன மாமி அவளுடைய கையைப் பார்த்தாள். "என்ன பிள்ளே, நகத்துக்குள்ள எல்லாம் தேரி மண்ணு? விழுந்து எந்திரிச்சியா?"

அவள் போய்க் கையை மூன்று முறை தேய்த்துக் கழுவினாள். பிறகு செம்பை வாங்கிக்கொண்டாள்.

தங்கைக்குக் கூசாதபடி, மெதுவாக ஊற்றினாள்.

நல்லபடியாக எல்லாம் முடிந்தது. ஆனாலும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் நடுவிலிருந்து எழுந்து எழுந்து வாசலுக்குப் போனாள். "தங்கச்சி நெனப்பு," என்றார்கள். அதுவும்தான்.

ஐந்தாம் நாள், காரில் கொண்டுவிடுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரோடு புறப்பட்டாள். சாலைக்குப் போகும் திருப்பத்தில் யாரும் பார்க்கவில்லை. தேரிக்குள் இறங்கினாள்.

வெயில் சுள்ளென்று அடித்தது. அவளுடைய நிழல் தெளிவாக முன்னால் நடந்தது.

தேடிக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆனது.

தோண்டிய குழிகள் அப்படியே கிடந்தன. கால்மாட்டுக் கல் சாய்ந்தபடி இருந்தது.

அதை நேராக நிறுத்தினாள். இரண்டு கையாலும் மணலை அள்ளி மூடினாள். உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினாள். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பாட்டில் தண்ணீர் முழுவதையும் தெளித்தாள். குடிக்க மிச்சம் வைக்கவில்லை.

போகப்போகக் காற்று மறுபடியும் மணலைக் கொண்டுவந்து கொட்டும். கொட்டட்டும்.

அன்று அந்தக் கபுருக்குச் சொல்லாமல் ஓடிப்போன ஸலாமைச் சொன்னாள்.

பிறகு, சாலை எந்தப் பக்கம் என்று பார்க்காமல், அந்தப் பெண்ணின் அருகில் உட்கார்ந்தாள்.