ரயிலடி வீடு

“வீடு லட்சணமாத்தான் கீது தம்பி. ஆனா இங்கேர்ந்து அவரு எப்படி ட்ரெயினைப் பிடிப்பாரு?” என்றாள் பார்வதம்மா.

வீட்டு புரோக்கர் பிரதாப்புக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பூதிகோட்டையில் இப்படி ஒரு வீடு விலைக்கு அமைவது குதிரைக்கொம்பு. கிணற்றில் வற்றாத தண்ணீர், பின்பக்கம் காய்த்துத் தொங்கும் மாமரம், வேண்டுமானால் ஒரு மாடு கட்டவும் இடம். கோலார் தங்க வயலில், பாலகாட் பக்கம் வரிசையாகக் கட்டிய சுரங்க லைன் வீட்டின் ஒற்றை அறையில் இத்தனை வருடம் குடித்தனம் செய்தவர்களுக்கு இது அரண்மனை.

பார்வதம்மாவின் கணவர் கோவிந்தனுக்கு அது புரிந்திருந்தது. அவர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்து, எந்த மூலையில் கத்தரி வரும், எங்கே அவரைப் பந்தல் போடலாம் என்று வீட்டுக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

வாசலிலேயே பஸ் நிற்கும், ஏறினால் நேராகப் பங்காருபேட்டை ஸ்டேஷன் என்றான் பிரதாப். பஸ் வராத நாளில் என்ன செய்வது என்று கேட்டாள் அவள். ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளலாமே என்றான். மழை வந்தால்? வழியில் பஞ்சர் ஆனால்? அவன் ஒன்று சொல்ல, அவள் இரண்டு கேட்டாள்.

“ட்ரெயினை விட்டுட்டாருன்னா அன்னைக்கு நாளே பாழ் தம்பி. பாலகாட்டுல இதான் ரோதனை. லொங்கு லொங்குனு ஓடுவாரு, வண்டி போயிருக்கும். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு திரும்பி வருவாரு. என்னால பாக்க முடியாது.”

கோவிந்தன் எழுந்து வந்தார். தேய்த்த சட்டை, மை தீட்டிய மீசை, ஆள் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தார்.

“ஒரு நாள் போவலன்னா இன்னா ஆயிடப் போவுது பார்வதி?” என்று மெல்ல ஆரம்பித்தார்.

அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தார்கள். மற்ற நாட்களில் கோவிந்தன் சாப்பாட்டுப் பையும் கையுமாகக் காலையிலேயே பெங்களூரு வண்டி ஏறிவிடுவார் என்பதால், வீடு பார்ப்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். ஏரிக்கரை வீடு ஒன்றைப் பார்த்தார்கள். ஸ்டேஷன் தூரம். தென்னந்தோப்பு நடுவே ஒன்று. ஸ்டேஷன் அதைவிடத் தூரம். ஒரு வீட்டில் மட்டும் பார்வதம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. கிழக்கே பெரிய ஜன்னல், நின்று சமைக்க வழுவழுவென்று கல் மேடை. மேடையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, இங்கிருந்து ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது என்று கேட்டாள். அந்த வீடும் போயிற்று.

பிரதாப்புக்குக் கோபம் வரவில்லை. மனசு உருகிவிட்டது. கட்டினவன் வேலைக்கு நேரத்தோடு போக வேண்டும் என்பதற்காக, ஆசைப்பட்ட அடுப்படியையே வேண்டாமென்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி மமதாவிடம் இதை ஒரு பிரசங்கமாகவே சொன்னான். அந்தம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள், எனக்கு என்றைக்காவது காலையில் டிபன் கட்டிக் கொடுத்திருக்கிறாயா என்றும் கேட்டான்.

மமதா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். “நீ எங்க வெளிய போற? பாதி நாளு போனைப் பிடிச்சிக்கினு வீட்டுலதானே இருக்கிற” என்றவள், ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, “அந்தம்மா வெவரமானவங்க” என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் பங்காருபேட்டைக்கு அப்பால், பாசஞ்சர் மட்டும் நிற்கும் சின்ன ஸ்டேஷன் ஒன்றை ஒட்டிய கிராமத்தில் ஒரு வீடு வந்தது. அதைக் காட்டவே பிரதாப்புக்குக் கூச்சமாக இருந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வீடு. வண்டி போனால் அலமாரியில் பாத்திரம் ஆடும். தண்ணீர் உப்பு. தோட்டம் என்று சொல்ல ஒரு முழ இடம் இல்லை.

பார்வதம்மா வாசற்படியில் நின்றாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி வாயில் போடுவதற்குள் பிளாட்பாரத்துக்குப் போய்விடலாம். அவள் முகம் மலர்ந்தது.

“இதையே முடிச்சிடு தம்பி.”

தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்றார் கோவிந்தன். குடிக்கக் கேன் வாங்கலாம் என்றாள். கத்தரிச் செடி எங்கே வைப்பது என்று கேட்டார். தொட்டியில் வை, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள்.

பால் காய்ச்சுவதற்கு ஒரு புதன்கிழமை முகூர்த்தம் அமைந்தது. பழத்தட்டோடு பிரதாப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் மாவிலை ஆடிக்கொண்டிருந்தது, கோவிந்தனைக் காணோம். கற்பூரம் காட்டியதும் ஒரு வாய் பாலைக் குடித்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டார் என்றாள் பார்வதம்மா.

பிரதாப்புக்கு மனசு கேட்கவில்லை. “சொந்த வீட்டுல பால் காய்ச்சுற அன்னைக்காவது லீவு போட்டிருக்கலாமேம்மா. அப்படி இன்னா ஆபீஸ் அது?”

அவள் பால் டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

“ஆபீஸா? அவரு ரிட்டயர் ஆயி ரெண்டு வருஷமாவுது தம்பி. கொஞ்ச மாசம் வீட்டுல வெச்சுப் பாத்தேன், புளி கரைச்சா குத்தம், கதவைச் சாத்துனா குத்தம். நான்தான் பழையபடி பாஸ் எடுத்துக் குடுத்து, அவரு சிநேகிதங்களோட ட்ரெயின் ஏத்தி வுட்டேன். இப்ப பாரு, சாயந்திரம் வண்டிச் சத்தம் கேட்டா, புதுப் பொண்ணாட்டம் வாசலுக்கு ஓடுறேன்.”