கைக்கு அடக்கமான துப்பாக்கி

தர்மலிங்கம் தன் முதல் கைத்துப்பாக்கியை வாங்க ஒஸ்லோ நகரத் துப்பாக்கிக் கடைக்குப் போனபோது மனைவி உதயகுமாரியும் கூட வந்தாள். அவருக்கு ஆச்சரியம். அவர் சுடும் கழகத்தில் சேர்ந்ததையே பிடிக்காதவள் அவள்.

“என்ன தேவைக்கு?” என்று கடைக்காரன் கேட்டான்.

“போட்டிக்கு” என்ற தர்மலிங்கம், இருந்தவற்றில் பெரியதைக் கையில் எடுத்தார்.

“இஞ்சாருங்கோ, அது வேண்டாம். சின்னதா எடுங்கோ.”

“உமக்கு இதிலை என்ன தெரியும்?”

“உங்கடை கை நோகுமெல்லே.”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவரது கையைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. அவர் உருகிப்போனார்.

“பக்கத்து வீட்டு நகை களவு போனதிலை பயந்திட்டீர் போல. இதாலை கள்ளனைச் சுடேலாது, சட்டம் விடாது.”

“தெரியும்.”

“உம்மடை நகையள் அரிசி வாளிக்குள்ளை பத்திரமாத்தானே கிடக்கு?”

அவள் சின்னதொன்றைச் சுட்டிக் காட்டினாள். அவர் சின்னதையே எடுத்தார்.

“வீட்டில் இரும்புப் பெட்டகத்துக்குள் பூட்டி வைக்க வேண்டும். அதுவும் சட்டம்” என்றான் கடைக்காரன். முணுமுணுத்தபடி தர்மலிங்கம் பெட்டகத்தையும் வாங்கினார்.

அன்று மாலை, அம்மருட் பகுதியில் இருந்த தங்கள் வீட்டின் படுக்கையறையில் பெட்டகத்தைப் பொருத்தினார்கள். அவர் துப்பாக்கியோடு வந்து பார்த்தபோது, உள்ளே அட்டியலும் காப்புகளும் மகளின் சங்கிலிகளும் நிறைந்திருந்தன. ஒரு காப்பில் அரிசி ஒட்டியிருந்தது.

“அப்ப பிஸ்டலை எங்கை வைக்கிறது?”

மூலையில் ஒரு சாண் இடம் விட்டிருந்தாள்.

“அதுக்குத்தானே சின்னதா எடுக்கச் சொன்னனான்.”