நன்றிக்கு ஒரு முழுக்கு

“திட்டுய்யா! அவனைத் திட்டுய்யா!”

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. மேடையில் நின்ற கவீனோவுக்கு வியர்த்துக் கொட்டியது. எதிரே பக்கீஸ் இடுப்பில் கைவைத்தபடி, அவருடைய பதில் பாட்டுக்காகக் காத்திருந்தார்.

இத்தாலியத் தீவான சார்தீனியாவின் மலையூர்த் திருவிழாக்களில் எசப்பாட்டு என்றால் இந்த இருவர்தான். இருவருக்கும் ஜென்மப் பகை. பக்கீஸ் செய்யும் பாலாடைக்கட்டியை எலி முகர்ந்து பார்த்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடும் என்று கவீனோ பாடுவார். தன் கல்யாணத்தன்று கவீனோ பாடியும் பெண் ஓடிப்போகாததற்குக் காரணம், அவளுக்குக் காது மந்தம் என்று பக்கீஸ் திருப்பிக் கொடுப்பார். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அன்று கவீனோ பாடியது இவ்வளவுதான்: “பக்கீஸ் நல்ல மனிதர். அவர் ஆடுகளும் நல்ல ஆடுகள்.”

முன்வரிசையில் பாதிரியார் கொட்டாவி விட்டார்.

மேடையை விட்டு இறங்கியதும் பக்கீஸ் பிடித்துக்கொண்டார். “என்னய்யா, நாக்குல பூஞ்சை பிடிச்சிருச்சா?”

“நீ என் உயிரைக் காப்பாத்தினவன். உன்னை எப்படித் திட்டறது? வாய் வர மாட்டேங்குதே!”

போன குளிர்காலத்தில் ஒரு கல்யாண விருந்தில் கவீனோவின் தொண்டையில் ஆட்டெலும்பு சிக்கிக்கொண்டது. கண் பிதுங்கி, முகம் நீலம் பாரித்துவிட்டது. எல்லாரும் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பக்கீஸ் ஒருவர்தான் பாய்ந்து வந்து, பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, ஒரே குலுக்கில் எலும்பை வெளியே வரவழைத்தார்.

“இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா எலும்பை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி விட்டிருப்பேன்,” என்றார் பக்கீஸ்.

“இரு. ஒரு நாள் உன் உயிரை நான் காப்பாத்தறேன். அன்னிக்கு நமக்குள்ள எல்லாம் நேராயிடும். அப்புறம் பாரு என் வாயை!”

“எனக்கு ஆபத்துன்னா கைதட்டுற ஆளு நீ. நீ காப்பாத்துவியா?” முறைத்துவிட்டுப் போனார் பக்கீஸ்.

அன்றிலிருந்து கவீனோ அவர் பின்னாலேயே அலைந்தார். பக்கீஸ் ஏணியில் ஏறினால், கீழே கையை விரித்துக்கொண்டு நின்றார். பக்கீஸ் எலும்பைக் கடித்தால், முதுகுப் பக்கம் போய்த் தயாராக நின்றார். பாழாய்ப்போன மனுஷனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

“ஆபத்து தானா வருமா? நாமதான் வரவழைக்கணும்,” என்று கேலி செய்தாள் மனைவி அசுந்தா.

கவீனோ அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய திருவிழாவுக்கு முதல் நாள், விடிந்தும் விடியாமலும் பக்கீஸின் வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தார். அங்கே பாசனத் தொட்டியில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். குறுக்கே கிடந்த நடைபலகையில் பன்றிக் கொழுப்பை வழவழவென்று பூசிவிட்டு, சப்பாத்திக்கள்ளி மறைவில் பதுங்கினார்.

பக்கீஸ் வந்தார். பலகையை நெருங்கினார். அப்போதுதான் கவீனோவுக்கு உறைத்தது.

“அந்தோணியாரே, இவன் நெசமாவே செத்துட்டா?” கண்களை இறுக மூடிக்கொண்டார்.

தொபுக்கடீர்!

பூட்ஸோடு தொட்டிக்குள் பாய்ந்தார் கவீனோ. தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்தவரின் காலரைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டார்.

“போயும் போயும் உன் கையாலயா நான் பிழைக்கணும்!” பக்கீஸ் இருமி இருமித் தலையில் அடித்துக்கொண்டார்.

கவீனோவின் காதில் தேன் பாய்ந்தது. “நேராயிடுச்சுடா! நாளைக்கு வா மேடைக்கு!”

மறுநாள் மாலை மடை திறந்துகொண்டது. பக்கீஸின் மூக்கு, மீசை, ஆடு, மாமனார் என்று கவீனோ எதையும் விட்டுவைக்கவில்லை. பக்கீஸ் உள்ளே விழுந்ததும் தொட்டித் தவளைகள் மூட்டை முடிச்சோடு வீட்டைக் காலி செய்த கதையைப் பாடியபோது கூட்டம் கண்ணீர் வரச் சிரித்தது. பக்கீஸும் சளைக்காமல் வாரினார். பாதிரியாரே எழுந்து நின்று கைதட்டினார்.

மேடையை விட்டு இறங்கிய கவீனோ, பக்கீஸின் மனைவி இசிதோராவைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்தினார். “என்னம்மா, புருஷனைத் தண்ணியிலேர்ந்து தூக்கிக் குடுத்திருக்கேன். ஒரு வார்த்தை நன்றி சொல்லக் கூடாதா?”

இசிதோராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நீங்க கொழுப்புப் பூசறதை நாங்க ரெண்டு பேரும் ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் இருந்தோம் அண்ணே. சின்ன வயசுல கடலுக்கடியில பவளம் எடுத்த மனுஷன் அவரு. ‘அவன் வாயால திட்டு வாங்கி எவ்வளவு நாளாச்சு’ன்னு சொல்லி, கைக்கடிகாரத்தைக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டுப் போயி, பலகையில கால் படாம ஒதுங்கி நின்னு, தானே குதிச்சாரு!”